ஜிஜியின் வீட்டில் ஒன்பது லட்சம்

சித்திரபுரம்
9.10.2024

கமலா,

முதலில் ஒரு அசிங்கத்தைச் சொல்லிவிடுகிறேன். பிறகு நீ திட்டுவதற்குத் தோதாக இருக்கும். ஒரு மாதமாக நான் ஆபீசில்தான் குளிக்கிறேன். ஆபீசில் ஏது குளியலறை? ஜீப்பு கழுவுகிற இடத்தில், ஜீப்பு கழுவுகிற குழாயில், டிரைவர் வருவதற்கு முன்னால், ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு. போன திங்கட்கிழமை எங்கள் புது எஞ்சினியர் அம்மா சொல்லாமல் கொள்ளாமல் சீக்கிரமே வந்துவிட்டார். கண்ணெல்லாம் சோப்பு. ஒரு கையில் ரப்பர் குழாய், இன்னொரு கையில் துண்டின் முடிச்சு. "யாரது அங்கே?" என்று குரல் கேட்டதும், மேலதிகாரி என்கிற மரியாதையில் இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டுவிட்டேன். குழாயும் கூடவே எழுந்து அந்த அம்மாவை நனைத்தது. துண்டு எழவில்லை, விழுந்தது. இருபத்தெட்டு வருஷ சர்வீஸ் உள்ள சூப்பரண்டு பூபதிராஜாவை முழுசாகப் பார்த்த முதல் எஞ்சினியர் அவர்தான். மத்தியானத்துக்குள் பள்ளிவாசல் என்கிற பக்கத்து ஊர் வரைக்கும் செய்தி போய்விட்டது.

வீட்டில் குளித்தால் என்ன என்று கேட்பாய். கேட்க மாட்டாய், என் நம்பரைத்தான் அடைத்து வைத்திருக்கிறாயே. யோகப்பிரியாவிடம் சொல்லிப் பார்த்தேன். "அம்மா உங்க பேரை எடுத்தாலே போனை வெச்சுடறாங்கப்பா. கடுதாசி எழுதுங்க, கிழிக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை படிப்பாங்க" என்றாள் நம் மகள். அதனால்தான் தபால்.

ஆமாம், டெபாசிட்டை ஆனி மாதமே முறித்தவன் நான்தான். பேங்கில் அந்தப் பெண் உன் முகத்துக்கு நேராக அதைச் சொன்னபோது உனக்கு எப்படி இருந்திருக்கும் என்று தெரியும். ஆனால் பணம் எங்கேயும் ஓடிவிடவில்லை. நான் அதற்குள்தான் குடியிருக்கிறேன்.

நம் ஊர் ரத்தினசாமி அண்ணன் தன் வீட்டை நமக்குத்தான் என்று வாக்குக் கொடுத்துவிட்டார். துபாயிலிருக்கும் அவர் தம்பி தை மாதம் வந்து கையெழுத்துப் போட்டால்தான் கிரயம். மீதிக்கு லோன் இருக்கிறது, கையிலிருந்து வைக்க வேண்டிய ஒன்பது லட்சமும் தயார். அதுவரை அது பேங்கில் சும்மா தூங்குகிறதே என்று எனக்குக் கை அரித்தது. இங்கே மூணாறு பக்கம் பணயம் என்று ஒன்று உண்டு, நம் பக்கத்துப் போக்கியம்தான். மொத்தமாகப் பணத்தைக் கொடுத்துவிட்டு வாடகையே இல்லாமல் குடியிருக்கலாம், காலி செய்யும்போது முழுப்பணமும் திரும்பக் கிடைக்கும். குவார்ட்டர்ஸை விட்டுவிட்டால் சம்பளத்தோடு வீட்டு வாடகைப்படியும் வரும். வாடகை இல்லாத வீட்டுக்கு வாடகைப்படி! இவ்வளவு பெரிய மூளையை வைத்துக்கொண்டு இத்தனை நாள் ஏன் சூப்பரண்டாகவே இருக்கிறேன் என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

வீட்டுக்காரன் பெயர் ஜிஜி. ஞாயிற்றுக்கிழமை மட்டும் பொய் சொல்லாத முகம். நான் போனது சனிக்கிழமை. "பின்னால் கொஞ்சம் பன்னி உண்டு சாரே" என்றான். கொஞ்சம் என்றால் இரண்டு மூன்று என்று நினைத்தேன். நாற்பது.

மூணாறு ஓட்டல்களில் மிஞ்சியதெல்லாம் நீல டிரம்களில் வந்து இறங்குகிறது. பிரியாணி, பிறந்தநாள் கேக், இறால் தலை, யாரோ கடித்து வைத்த கோழிக்கால், எல்லாம் ஒரே குழம்பாக, மேலே நுரை. அந்த நுரை தானாக அசைகிறதே என்று குனிந்து பார்த்தேன். அதற்குப் பிறகு இன்றுவரை தயிரைத் தொடவில்லை. நாற்றத்தைப் பற்றி என்ன சொல்ல! எங்கள் கேன்டீன் கௌலத் இத்தா சொன்னதுதான் சரி, செத்த எலியை மோரில் ஊறப்போட்ட மாதிரி. மழை பெய்தால் பன்னித்தொழுவத்துச் சாக்கடை என் குளியலறை ஓட்டை வழியாக மேலே வருகிறது. வாளியைச் சுற்றி மிதப்பதைப் பார்த்துக்கொண்டு யாரால் சோப்புப் போட முடியும்? ஒவ்வொன்றும் யாருடையது என்று எனக்கு அடையாளம்கூடத் தெரிய ஆரம்பித்துவிட்டது.

பணம் பத்திரமாக இருக்கிறது கமலா. நான்தான் இல்லை.

பூபதி


மீனாட்சிபுரம்
16.10.2024

மாமா அவங்களுக்கு,

கடுதாசி வந்துச்சுங்க. கிழிக்கலாம்னுதான் எடுத்தேன், துண்டு அவுந்த எடத்துல சிரிப்பு வந்துருச்சு. சிரிச்சதுக்கு எம்மேலயே எனக்கு அருவருப்பா இருக்குது.

ஏனுங்க, அந்த ஒம்போது லட்சத்துல ஆறு லட்சம் என்ற பால் காசுங்க. கட்டுத்தரையில சாணி வழிச்சு, மடி கழுவி, ஒதை வாங்கி, சொசைட்டிக்குப் பால் ஊத்திச் சேத்துனது. அதைக் கொண்டுபோயி நாப்பது பன்னிக்கு மெத்தை விரிச்சுப்போட்டு, வாடகைப்படின்னு கணக்குச் சொல்றீங்க. பேங்க்குல கெடக்கட்டும், இல்லாட்டி எச்சா ரெண்டு கறவை புடிச்சு உடலாம்னு நான் சொன்னதுக்கு, மாடு செத்துப்போகும்னீங்க. ஜிஜி சாக மாட்டானுங்களா?

ஊடு பாக்கப் போறப்ப மூக்கைக் கழட்டி எங்கீங்க வெச்சுட்டுப் போனீங்க? கேன்டீன்காரிக்குத் தெரியற நாத்தம் உங்களுக்குத் தெரியலீங்களா? அட, நீங்க எதையுமே நல்லா இருக்குதுன்னு பல்லைக் காட்டற ஆளுதானே. ஆடி நோம்பிக்கு வந்தப்ப வாடை வந்த பாலுல போட்ட காப்பிய, "ஆகா, கமலா காப்பி மணமே தனி"ன்னு டம்ளரை வழிச்சுக் குடிச்சீங்க. பொண்டாட்டியக் குளுப்பாட்டறதுக்கும் ஒரு அளவு வேண்டாமுங்களா!

நான் இங்க எங்கண்ணன் ஊட்டுப் பக்கத்து ரூம்புல கெடக்கற சீருக்கு நீங்க தேவலைங்க. அண்ணன் பொண்டாட்டி நாச்சம்மா வெத்தலை போட்டா என்ற சன்னலுக்குக் கீழதான் துப்புது. செவுரு பூராவும் செவசெவன்னு ஒழுகி, அது மேல ஈ மொய்க்குது. அவிய மாட்டுக் கோமியம் போற வாய்க்காலையும் என்ற வாசலுக்குத் திருப்பி உட்டாச்சு. சோத்துத் தட்டை எடுத்துட்டு உக்காந்தா எதுக்காலயே அது ஓடுது. "என்ன கமலா, எப்பப் புது ஊட்டுக்கு?"ன்னு தெனமும் ஒரு சிரிப்பு. காசு பன்னிக்கொட்டகையில இருக்குதுன்னு தெரிஞ்சா மேல வந்தே துப்பும்.

ரத்தினசாமி அண்ணன் நேத்து வந்தாருங்க. கோயமுத்தூர் பார்ட்டி ஒண்ணு குடோனுக்குக் கேக்குதாம். "தையில தம்பி வந்து எறங்குன அன்னிக்கே உன்ற காசு இருக்கோணும் கமலா. இல்லாட்டி நான் வாக்கு மாறுனேன்னு பேசப்படாது"ன்னாரு. கெணறு இருக்குது, கட்டுத்தரைக்கு எடம் இருக்குது. எனக்கு அந்த ஊடு வேணும்.

ஜிஜிகிட்டக் காசை வாங்குங்க. போனைத் தெறக்க மாட்டேன். போனுல நீங்க பொய்யை வெரசாச் சொல்லிப்போடுவீங்க. கடுதாசின்னா கையாவது வலிக்கட்டும்.

கமலாத்தாள்


சித்திரபுரம்
5.11.2024

கமலா,

கை வலிக்கிறது.

தீபாவளிக்கு நான் வராததில் உனக்கு வருத்தம் இருந்திருக்காது. எனக்கும் பஸ் ஏறக் கூச்சம். போன வாரம் அடிமாலிக்குப் போகும்போது பக்கத்து சீட்டுக்காரர் என்னை ஒரு தடவை பார்த்தார், என் செருப்பை ஒரு தடவை பார்த்தார், எழுந்து போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். வழியெல்லாம் இரண்டு சீட்டில் ராஜா மாதிரி போனேன்.

ஜிஜியிடம் பணம் கேட்டேன். டிரம்மைக் கலக்கிக்கொண்டே பேசினான். "பைசா எவிடே சாரே? பாதி மகள் நர்சிங் படிப்புக்கு, பாதி இந்தக் கொட்டகைக்கு. அடுத்த பார்ட்டி வந்து பணயம் தந்தா அப்படியே சாருக்குத் தரும். இவிடே அதுதான் வழக்கம்." விசாரித்தேன், வழக்கம் அதுதான். போகிறவனுடைய பணம் வருகிறவன் பையில் இருக்கிறது. எனக்கு முன்னால் குடியிருந்தவன் என் பணத்தை வாங்கிக்கொண்டுதான் தப்பித்திருக்கிறான். வீடு காட்டிய அன்று அவன் என்னைக் கட்டிப்பிடித்துக் கண் கலங்கியதை நான் பண்பு என்று நினைத்தேன்.

ஆக, என்னைவிடப் பெரிய மடையன் ஒருவனைத் தேட வேண்டியது என் வேலை. நான் இருக்கும்போது அது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும்.

முதலில் ஒரு வாத்தியாரும் அவர் மனைவியும் வந்தார்கள். கேட்டைத் தாண்டவில்லை. அந்த அம்மா ரோஜாச் செடிக்குள் வாந்தி எடுத்தார். "மலையேறி வந்த பித்தம்" என்று நான் முந்திக்கொண்டேன். வாத்தியார் மனைவியின் தலையைப் பிடித்தபடி ஆட்டோவில் ஏற்றினார்.

இரண்டாவது ஜோடிக்கு நானும் ஜிஜியும் சேர்ந்து நாடகம் போட்டோம். பன்னிகளை மேலே இருக்கிற பழைய கொட்டகைக்கு ஓட்டி, தார்ப்பாய் கட்டி மறைத்தோம். நான் அறை அறையாகச் சாம்பிராணி போட்டேன். ஏலக்காய் விற்கிற விலையில் ஒரு பிடி ஏலக்காயை அடுப்பில் கொதிக்க விட்டேன். வந்தவர்கள் நசீம், நஜ்லா. பாலக்காட்டு ராவுத்தர் வீட்டுப் பிள்ளைகள், கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை, பள்ளிவாசல் ஊரில் பேக்கரி வைக்க வந்திருக்கிறார்கள். நஜ்லா நகையை விற்று வைத்திருக்கும் பணமாம், வீடு வாங்குகிற வரைக்கும் பணயத்தில் போட்டு வைக்கலாம் என்று. எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா?

"பின்னால என்ன கொட்டகை அண்ணே?" என்று நஜ்லா கேட்டாள்.

"காளான் வளர்க்கிறாங்கம்மா" என்றேன்.

கொஞ்சம்கூடத் தடுமாறவில்லை கமலா. இருபத்தெட்டு வருஷமாக லீவு லெட்டர் எழுதிய பழக்கம். நசீம் என் கையை இரண்டு கையாலும் பிடித்து, "பெரியவங்க இருந்த வீடு, எங்களுக்கும் பரக்கத்தா இருக்கட்டும்" என்றான். அடுத்த மாதம் ஒன்றாம் தேதி அட்வான்ஸ் தருகிறார்கள்.

அவர்கள் போனபிறகு அந்தக் கையை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவினேன். டிரம்மில் நெளிகிறதே, அதற்காவது தான் புழு என்று தெரியும். ஆனாலும் ஒன்பது லட்சம் வந்துவிடும். வந்துவிடும்தானே?

பூபதி


மீனாட்சிபுரம்
11.11.2024

மாமா அவங்களுக்கு,

கட்டுத்தரையில நின்னு படிச்சேனுங்க. இத்தனை சாணிக்கு நடுவுல உங்க கடுதாசிதான் நாறுச்சு.

அவிய ஆருங்க? பன்னி பக்கத்துல வந்தாலே ஆகாதுன்னு இருக்கற சனம். அவிய சோறாக்கித் திங்கற ஊட்டுக்குப் பின்னால நாப்பது பன்னிய ஒளிச்சு வெச்சுப்போட்டு, காளான்னு சொல்றதுக்கு உங்களுக்கு நாக்கு வந்துச்சுங்களா? நம்ம ஊட்டுத் தண்ணித் தொட்டியில ஒருத்தன் செத்ததைப் போட்டு மூடி வெச்சா நீங்க சும்மா இருப்பீங்களா? அந்தப் புள்ளை நகைய வித்த காசுங்கறீங்க. என்ற பால் காசுக்கு நான் அழுதா, அது நகைக்கு அது அழுவாதா?

எனக்கு ஊடு வேணும். நாச்சம்மா எச்சியப் பாத்துப் பாத்துக் கண்ணு ரெண்டும் அவிஞ்சு போச்சு. அதுக்காவ இன்னொரு பொம்பளை காசுல நான் கிரயம் பண்ண மாட்டேன். அந்த ஊட்டுல பால் காச்சுனா எனக்குத் தொண்டையில எறங்காதுங்க.

போயி அவியகிட்ட உள்ளதைச் சொல்லுங்க. சொல்லாட்டி நான் சொல்லுவேன். வார ஞாயித்துக்கெழமை பஸ் ஏறறேன். பணயம் குடுத்தாச்சுன்னா காசு வர்ற வரைக்கும் ஊடு நம்மளுதுதானுங்களே? என்ற ரெண்டு மாட்டையும் வண்டியேத்திக் கொண்டாந்து ஜிஜி ஊட்டு முன்ரூம்புலயே கட்டறேன். அவன் ஊசிப்போன ஓட்டல் சோத்தைக் கலக்கட்டும், நான் பால் பீச்சறேன். யாரு மொதல்ல ஓடறாங்கன்னு பாத்துரலாம்.

எனக்குச் சோறு வாங்கி வெக்க வேண்டாம். அந்த ஊட்டுல பச்சத் தண்ணி குடிக்க மாட்டேன்.

கமலாத்தாள்


சித்திரபுரம்
30.12.2024

கமலா,

நீ வந்து போய் ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. வந்த அன்று ஜிஜியிடம் பேசினாய், பன்னிகளிடம் பேசினாய், கௌலத் இத்தாவிடம்கூடத் தனியாக நின்று என்னவோ சிரித்துச் சிரித்துப் பேசினாய். என்னிடம் மட்டும் ஒரு வார்த்தை இல்லை. அதனால் உன்னிடம் சொல்ல முடியாமல் போனதை இப்போது எழுதுகிறேன்.

நீ வருவதற்கு முதல் நாளே நசீம் கடைக்குப் போய்விட்டேன். நஜ்லா ஏணியில் நின்று அலமாரிக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தாள். வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு போன வசனம் எல்லாம் மறந்து, "அது காளான் இல்லை தம்பி, பன்னி" என்று மட்டும் சொன்னேன். அவன் நன்றி சொல்லிக் காலில் விழுவானா, கழுத்தைப் பிடிப்பானா என்று நின்றேன். அவன் சங்கடமாகச் சிரித்தான். "தெரியும் அண்ணே. ஆட்டோவுல இருந்து எறங்கறப்பவே தெரிஞ்சுபோச்சு. நாங்க வேற வீடு பாத்துட்டோம். உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் சொல்லலை."

"இவரு எப்படி சிரிச்ச முகமா அங்க நிக்கிறாருன்னு ஊரு போறவரைக்கும் அதே பேச்சுதான் அண்ணே" என்றாள் ஏணியிலிருந்து நஜ்லா. பிறகு ஒரு தேங்காய் பன்னைத் தட்டில் வைத்து, தட்டை மேசைமேல் வைத்து, மூன்றடி தள்ளிப்போய் நின்றாள். என் வாழ்க்கையில் நான் சொன்ன ஒரே பெரிய உண்மை, யாருக்கும் தேவைப்படாத உண்மையாகப் போய்விட்டது. பன் நன்றாக இருந்தது.

ஜிஜி விஷயத்தை நீ கிளப்பிவிட்டுப் போனாய், மிச்சம் என்ன நடந்தது என்று கேள். நீ முந்தானையை மூக்கில் கட்டிக்கொண்டு கொட்டகைக்குள் போய்க் கேட்டாயே, "ஏனுங் தம்பி, கிறிஸ்துமசுக்கு இதுகளை விக்கறீங்களா, இல்லாட்டி மடியில வெச்சுக் கொஞ்சப் போறீங்களா?" என்று, அதை இன்னும் அக்கம்பக்கத்தில் எல்லாரும் சொல்லிச் சிரிக்கிறார்கள். ஈஸ்டர் வரைக்கும் வைத்திருந்தால் எடை கூடும் என்று அவன் இழுத்தான். நீ டேப் கேட்டு வாங்கி, முன்னறையை மாட்டுக்கு அளந்தாய். அதுதான் வேலை செய்தது. சுவரில் ஏசு படம் மாட்டியிருக்கிற அறையில் மாடு கட்டினால் சர்ச்சில் எப்படி முகத்தைக் காட்டுவது என்று அவன் மனைவி அழுதிருக்கிறாள்.

கிறிஸ்துமசுக்கு முந்தின வாரம் லாரி வந்தது. அந்தக் காட்சியை நான் எழுத மாட்டேன். நீ சாப்பிட்டுக்கொண்டிருக்கலாம். முற்றத்தில் தேங்கி நின்றதை வழிப்பதற்கு ஜிஜி மண்வெட்டி கொண்டுவந்தான், அதுவே போதும். ஒன்பது லட்சமும் வந்துவிட்டது. நோட்டுகளில் சில ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. எதனால் என்று நான் ஆராயவில்லை. பேங்க் கேஷியர் முதல் கட்டைத் தொட்டதும் எழுந்துபோய்க் கையுறை மாட்டிக்கொண்டு வந்தார். உன் பேரில் மட்டும் போட்டிருக்கிறேன், என் கையெழுத்து அதில் செல்லாது. ரத்தினசாமி அண்ணனிடம் சொல்லிவிடு.

ஒன்று மட்டும் மறக்காதே கமலா. நீ வந்து கால் நாள் இருந்ததற்கே மூக்கைக் கட்டிக்கொண்டாய். நான் அரை வருஷம் அதை இழுத்து மூச்சுவிட்டிருக்கிறேன். நம் வீட்டுக்காக இந்த மூக்கு பட்ட பாட்டைப் புது வீட்டு வாசலில் கல்லில் வெட்டி வைக்க வேண்டும்.

பூபதி


மீனாட்சிபுரம்
7.2.2025

மாமாவுக்கு,

மகராசனா ஊரு போய்ச் சேந்திருப்பீங்க. கிரயம் முடிஞ்சு புது ஊட்டுல இருந்து எழுதற மொதக் கடுதாசி இது. மாடு ரெண்டும் புதுக் கட்டுத்தரையில படுத்து அசை போடுதுங்க. பால் காச்சுன அன்னிக்கு நாச்சம்மா வெத்தலையை மென்னுட்டு வெள்ளைச் செவுத்தோரமாவே நடந்துச்சு பாருங்க, நான் கூடவே சொம்பை நீட்டிட்டு நடந்தேன். கடைசில முழுங்கிப்போடுச்சு. அந்த மூஞ்சியப் பாக்கறதுக்கே இன்னொரு ஊடு வாங்கலாமுங்க.

போனைத் தெறந்து உட்டபொறகு எதுக்குக் கடுதாசின்னு கேப்பீங்க. போனுல சொன்னா நீங்க பேச்சை மாத்திப்போடுவீங்க, அதுக்குத்தான்.

ஒறம்பரையக் கவனிக்கற அவசரத்துல அன்னிக்குப் பால் அடிபுடிச்சுக் கருகிப்போச்சுங்க. வந்த சனம் பூராவும் மூக்கைப் பொத்திட்டு வாசலுக்கு ஓடுச்சு. எங்கண்ணன் இருமிட்டே சன்னலைத் தெறக்கறாரு. நீங்க மட்டும் அடுப்புக்குப் பக்கத்துல நின்னு, நெஞ்சு நெறைய மூச்சை இழுத்து, "ஆகா, புது ஊட்டுப் பால் மணமே தனி"ன்னீங்க. யோகப்பிரியா என்ற மூஞ்சியப் பாத்துச்சு.

கொரோனாவுல படுத்து எந்திரிச்ச நாள்ல இருந்து உங்களுக்கு ஒரு வாசமும் தெரியறதில்லீங்க. நீங்களே சொல்லுவீங்கன்னு இத்தனை வருசமாப் பாத்துட்டு இருந்தேன். ஆடி நோம்பிக் காப்பி நான் வேணும்னேதான் வெச்சது.

அந்த ஊட்டுல நீங்க சொகமாத்தான் இருந்திருக்கறீங்க. அடுத்தவிய மூஞ்சி கோணுனதைப் பாத்துத்தான் நாறுதுன்னே கண்டுபுடிச்சிருக்கறீங்க. அப்பறம் எனக்குப் பக்கம் பக்கமா எழுதுனது பூராவும் கேன்டீன்ல கேட்டு எழுதுனது.

நல்லா எழுதியிருந்துச்சுங்க. கௌலத்துகிட்ட நான் சொன்னேன்னு சொல்லுங்க.

கமலாத்தாள்